தேக்குத் தோட்டத்தில் நின்று தரையைப் பார்த்தால்

பொள்ளாச்சியில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் போய் வந்தேன். வழியெல்லாம் வரிசை வரிசையாகத் தேக்கு. இதைத்தான் நீடித்த வன மேலாண்மை என்று பாடத்தில் படித்தோம். மரத்தை வெட்டி விற்பது எப்படிக் காட்டை நிலைக்க வைக்கும்? யாரும் கை வைக்காமல் விட்டுவிட்டால் காடு தானாக வளராதா?"

நல்ல கேள்வி. உண்மையில் இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டுக்கும் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். வெட்டிவிட்டார்கள் என்பதற்காகவே ஒரு காடு அழிந்துவிடாது. வெட்டாமல் விட்டார்கள் என்பதற்காகவே பிழைத்துவிடவும் செய்யாது. பெரிய மரம் போன இடத்தில் என்ன முளைக்கிறது, முளைத்தது ஆள் உயரம் தாண்டி மரமாகும் வரை பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் வழியில் பார்த்த தேக்கு வரிசைகளில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் மீதி எல்லாம்.

நான் கோவிந்தாபுரத்துக்காரன். சோதனைச் சாவடிக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கேரளம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அப்பா தேக்குக் கூப்பில் கூலி வேலைக்குப் போனவர். கூப்பு என்றால் அந்த வருடம் வெட்டுவதற்கென்று ஒதுக்கிய பகுதி. இரண்டு பக்கத்துக்காரர்களும் அப்படித்தான் சொல்வோம். நான் இருபது வருடத்துக்கு மேலாகக் காட்டு ஆராய்ச்சிக் குழுக்களோடு களப்பணியாளனாக இருக்கிறேன். டேப் பிடித்து மரத்தின் சுற்றளவு அளப்பது, கன்று எண்ணுவது, காய்ந்த இலையை எடை போடுவது, இதுதான் வேலை. ஆய்வாளர்கள் எழுதியதையும் படித்திருக்கிறேன், காட்டு ஊர்களில் பெரியவர்கள் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

டாப்ஸ்லிப் என்ற பெயரே மரம் வெட்டிய கதைதான். மேலே வெட்டிய தடிகளை அங்கிருந்து சரிவில் வழுக்கிவிட்டுக் கீழே கொண்டு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போனது. பிறகு ரயில் வந்ததும் ஸ்லீப்பர் கட்டைக்குப் போனது. எடுத்துக்கொண்டே இருந்ததில் நல்ல மரம் எட்டும் தூரத்தில் இல்லாமல் போயிற்று.

இதே பயம் நிலம்பூரில் அதற்கு முன்பே வந்துவிட்டது. மலபார் கலெக்டராக இருந்த கனோலி, 1840களில் தேக்கை நட்டு வளர்ப்பது என்று முடிவு செய்தார். ஆரம்பத்தில் விதையை முளைக்க வைப்பதற்கே திண்டாடினார்கள். அதைச் சாதித்துக் காட்டியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. அப்போது நட்டதில் மிச்சமிருக்கும் மரங்கள் இன்றும் சாலியாற்றங்கரையில் கனோலி பிளாட் என்ற பெயரில் நிற்கின்றன. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் அது. கூடலூரிலிருந்து நாடுகாணி இறங்கினால் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம்.

நம் பக்கத்தில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஹியூகோ வுட். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆனைமலைக்கு வந்த வன அதிகாரி. நடக்கும்போது ஊன்றுகோலால் மண்ணில் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் டாப்ஸ்லிப்பில் சொல்வார்கள். 1933இல் இறந்தார். அவர் கல்லறை அங்கேயே தேக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. 'நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்' என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி அதில் வெட்டியிருக்கும். வெட்டி மட்டுமே பழகிய ஒரு துறையில் நடவும் வேண்டும் என்று உழைத்த மனிதர். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

ஆனால் அவர்கள் எதை எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். நீடித்த என்ற எண்ணமே ஜெர்மனியில் சுரங்கத் தொழிலிலிருந்து பிறந்தது. சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ் 1713இல் எழுதினார்: உலை எரிக்க மரம் வேண்டும், ஆகவே வளரும் அளவுக்கு மேல் வெட்டக் கூடாது, வெட்டியதற்கு ஈடாக நட வேண்டும். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக வந்த பிராண்டிஸும் ஜெர்மானியர்தான். அந்தக் கணக்குமுறை அவரோடு இங்கே வந்தது. வருடத்துக்கு எத்தனை கன அடி தடி வளர்கிறது, எத்தனை கன அடி எடுக்கலாம் என்ற கணக்கு. நேர்மையான கணக்குதான். ஆனால் அதில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது, தடி. காட்டில் இருந்த ஈட்டி, வேங்கை, மருது, நெல்லி, மூங்கில், அதற்குள் ஓடிய ஓடை, அதில் வாழ்ந்த காடர், மலசர் பழங்குடியினர் யாருக்கும் அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை. தேக்கு பெருகியபோது மற்றது எல்லாம் குறைந்தது. கணக்கில் அது நஷ்டமாகத் தெரியவே இல்லை.

பரம்பிக்குளத்தில் நடந்ததும் இதேதான். கொச்சி சமஸ்தானம் அங்கிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குக் காட்டு டிராம் பாதை போட்டுத் தடி இறக்கியது. காலி செய்த இடங்களில் தேக்கு நட்டார்கள். இன்று புலிகள் காப்பகத்துக்குள் அவ்வளவு தேக்குத் தோட்டம் நிற்பது அப்படி வந்ததுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேக்கு இந்த மண்ணின் மரம்தான். பரம்பிக்குளத்தில் கன்னிமாரத் தேக்கைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட 7 மீட்டர் சுற்றளவு, ஐந்து பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். அதை யாரும் வரிசையில் நடவில்லை. நூறு வகை மரங்களுக்கு நடுவில் தானாக வளர்ந்த தேக்கு. ஆகவே தேக்கின் மேல் குற்றமில்லை. ஒரே வயதுத் தேக்கை மட்டும் ஏக்கர் கணக்கில் நிறுத்தி, மற்றதைக் களை என்று வெட்டியதில்தான் சிக்கல்.

சரி, அந்த வரிசைக்குள் போகலாம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், பரம்பிக்குளம் பக்கம் பழைய தேக்குத் தோட்டம் ஒன்றில் கன்று எண்ணப் போயிருந்தோம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் மரத்தை எல்லாம் மார்பளவு உயரத்தில் சுற்றி அளப்பது. பிறகு மூலைகளில் சின்னச் சதுரங்கள் போட்டு, முளைத்திருக்கும் ஒவ்வொரு கன்றையும் குனிந்து எண்ணுவது. கூட மலசர் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். பேர் தெரியாத கன்றானால் இலையைக் கசக்கி முகர்ந்து பேர் சொல்வார். நாங்கள் டேப்பைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காலால் சருகை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "மேலே என்னத்தைப் பாக்கறீங்க சார், இங்க பாருங்க."

சருகுக்குக் கீழே மண் தோசைக்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வேர்கள் மண்ணுக்கு மேலே விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றன. அந்த வேர்கள் ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்தவை. மேலிருந்த மண் மழையில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மழையும் பிடித்தது. தேக்கு இலை முறம் அளவு. சின்னத் துளிகள் அந்த இலையில் சேர்ந்து பெரிய துளியாகி, அத்தனை உயரத்திலிருந்து தரையில் அடிக்கின்றன. அடியில் செடி கொடி இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். வெறும் தரையாக இருந்தால் ஒவ்வொரு துளியும் மண்ணைக் குத்திக் கிளப்பும். தேக்குத் தோப்பில் மண் அரிப்பு அதிகமாவதற்கு இதை ஒரு காரணமாக ஆராய்ச்சியாளர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் நின்ற இடத்தில் ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. பக்கத்து மேட்டில் வெட்டாமல் விட்டிருந்த கலப்புக் காட்டிலிருந்து வந்த இன்னொரு ஓடை அதே மழையில் தெளிவாக வந்தது. இரண்டும் சேரும் இடத்தில் நின்றால் கோடு போட்டது போல் தெரிந்தது.

எங்கள் சதுரங்களில் தேக்கு முளைகளும் லன்டானா எனும் உண்ணிச்செடியும் புல்லும்தான் நிறைய. வேறு மரக் கன்றுகள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தன. அதிலும் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பெரியவரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் ஒரு வேங்கைக் கன்றின் அடியைத் தோண்டிக் காட்டினார். மேலே பென்சில் கனம்கூட இல்லை. கீழே வேர் கட்டைவிரலைவிடப் பருமன். பல வருடமாக முளைத்து, மாசியில் தீயில் கருகி, மழையில் மறுபடி முளைத்து, மறுபடி கருகிக்கொண்டிருந்த கன்று அது. தேக்கு மார்கழியிலிருந்து இலை கொட்டும். அந்தச் சருகு ஒரு தீக்குச்சிக்குப் போதும். தேக்குக்குத் தோல் தடிமன், தீயைத் தாங்கிக்கொள்ளும். மற்றதன் கன்று தாங்காது. ஆண்டுக்கு ஆண்டு தீ வந்தால் தேக்கு மட்டும் மிஞ்சும், தேக்கு மிஞ்சினால் மறுபடி சருகு, மறுபடி தீ.

அந்த வேங்கைக் கன்றைப் பார்த்ததிலிருந்து நான் எந்தக் காட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். முளை இருக்கிறதா, முழங்கால் உயரத்தில் இருக்கிறதா, இடுப்பளவில், ஆள் உயரத்தில், கை கனத்தில் இருக்கிறதா. ஒவ்வொரு படியிலும் ஆள் இருந்தால் அந்தக் காட்டுக்கு வாரிசு உண்டு. பெரிய மரமும் முளையும் மட்டும் இருந்து நடுவில் ஒன்றும் இல்லை என்றால், மேலே எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தக் காடு முடிந்துகொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. விட்டுவிட்டால் போதாதா?

சில இடங்களில் போதும். பெரிய காடு ஒட்டியிருக்கிறது, பறவை வந்து போகிறது, தீ வரவில்லை, களைச்செடி புகவில்லை என்றால் கை வைக்காமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே தீவு தீவாக நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் 2000 வாக்கிலிருந்து சாலையோரத்தில் விழும் காட்டு மர விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, களையை எடுத்துவிட்டு, பல வகை நாட்டு மரங்களைக் கலந்து நட்டு வருகிறார்கள். அப்படி நட்ட இடங்களையும், சும்மா விட்ட இடங்களையும், கெடாத காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். நட்டுப் பார்த்துக்கொண்ட இடங்களில் மர அடர்த்தி, வகை, மரங்களில் சேர்ந்த கரிமம் எல்லாமே விட்ட இடங்களைவிட நன்றாக மீண்டிருந்தன. பெரிய காட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நட்டதன் பலன் கூடுதல். யோசித்தால் புரியும். விதை கொண்டுவர இருவாச்சியோ புறாவோ வராத துண்டில் மனிதன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கைக் காட்டையும் தேக்கு, தைலத் தோட்டங்களையும் ஒப்பிட்டு 2020இல் இன்னொரு ஆய்வு வந்தது. பசுமை மாறாக் காட்டில் சேர்ந்திருக்கும் கரிமம் தோட்டங்களைவிட அதிகம் என்று கண்டார்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. மழை பொய்த்த ஆண்டுகளிலும் பல வகை மரம் உள்ள காடு கரிமத்தை எடுத்துக்கொள்வதில் அதிகம் தடுமாறவில்லை. ஒரே வகைத் தோட்டம் தடுமாறியது. ஒரு வகைக்குக் கெட்ட ஆண்டு இன்னொரு வகைக்கு அவ்வளவு கெட்டதாக இருக்காது என்பதுதான் அடிப்படை. நம் மானாவாரிக் காட்டில் சோளத்தோடு தட்டைப்பயறும் அவரையும் கலந்து விதைத்த பாட்டன்மாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விட்டுவிட்டால் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் களைச்செடி. உண்ணிச்செடி அழகுச் செடியாக வெளியிலிருந்து வந்தது; இன்று முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் என்று எங்கும் புதராக நிற்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இடத்தில் உண்ணிச்செடியை அப்புறப்படுத்தும் வேலையை மேற்பார்வை பார்த்தேன். ஆட்கள் அரிவாளால் ஒரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டே போனார்கள். நான்கு நாளில் தரை சுத்தம். எனக்கும் பெருமையாக இருந்தது. மழை வந்ததும் வெட்டிய ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் ஐந்து ஆறு கிளை வெடித்தது. முன்பைவிட அடர்த்தி. அதோடு, புதருக்குள் முள்ளின் பாதுகாப்பில் மான் வாய்க்குத் தப்பி வளர்ந்துகொண்டிருந்த நெல்லி, மருதுக் கன்றுகளையும் சேர்த்து வெட்டிவிட்டோம். அவை திரும்பி வரவில்லை. என் கண் முன்னால், என் கையெழுத்தில் நடந்த தவறு அது. இன்னும் மனசில் இருக்கிறது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாபுவும் அவர் குழுவினரும் சொன்ன முறையைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். உண்ணிச்செடி தளிர் விடுவது தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்து. அதனால் தரைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முக்கிய வேரை மண்வெட்டியால் அறுத்து, செடியைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். வேர் மண்ணைத் தொடக் கூடாது. மறுபடி முளைக்காது. ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழையில் முளைக்கும். அதை இரண்டு மூன்று வருடம் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்லையும் மரத்தையும் கொண்டுவர வேண்டும். பணம் ஒரு வருடத்துக்கு ஒதுக்கிவிட்டு அடுத்த வருடம் நிறுத்திவிட்டால் போட்டதெல்லாம் வீண்.

கூடலூர், வயநாட்டுப் பக்கம் மஞ்சள் கொன்றை என்று ஒரு மரம் இதைவிட வேகமாகப் பரவுகிறது. பூத்தால் கண்ணைப் பறிக்கும், அடியில் புல் முளைக்காது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றவும் காட்டை மீட்கவும் தனிக் கொள்கை வெளியிட்டது. முதுமலைப் பகுதியில் அந்த மரத்தை வெட்டி, காகித ஆலையான டிஎன்பிஎல்லுக்குக் கூழுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். பாருங்கள், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே மரம் வெட்டுவது காட்டைக் காப்பாற்றும் வேலையாக இருக்கிறது.

தீயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நான் மேலே தீ கன்றைக் கருக்கும் என்று சொன்னேன். அது கோடையின் உச்சத்தில் வரும் பெரிய தீ. சத்தியமங்கலத்துக்கு அப்பால் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் சொல்வது வேறு கதை. பனி முடியும் சமயத்தில், சருகு பாதி ஈரமாக இருக்கும்போது தரையோடு ஊர்ந்து போகும் சின்னத் தீயை அவர்கள் முன்பு வைத்து வந்தார்கள். சருகு தணியும், புல் தழைக்கும், உண்ணிச்செடி சின்னதாக இருக்கும்போதே கருகும், நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவியும் கட்டுப்படும். தீ வைப்பதைத் தடை செய்த பிறகுதான் உண்ணிச்செடி காடு முழுக்க ஏறியது, நெல்லியைப் புல்லுருவி தின்றது என்கிறார்கள். அங்கே ஆய்வு செய்தவர்களும், நெல்லி குறைவதற்கு மக்கள் காய் பறிப்பதை மட்டும் காரணம் சொல்ல முடியாது, உண்ணிச்செடியும் புல்லுருவியும் பெரிய காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். என் கருத்து: எல்லாக் காட்டுக்கும் ஒரே தீ விதி கிடையாது. இலையுதிர் காட்டில் காலம் பார்த்து வைக்கும் சின்னத் தீ உதவலாம். சோலைக்காட்டில் எந்தத் தீயும் நாசம். 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் 23 பேரைக் கொன்றதும் காய்ந்த புல் சரிவில் ஏறிய தீதான். யார், எப்போது, எந்த ஈரத்தில் வைக்கலாம் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும்.

தெரிந்தவர்கள் என்று நான் சொல்வது யாரை என்பதற்கு கர்நாடகத்தில் நடந்த ஒரு மூங்கில் கதை. காகித ஆலைக்கு மூங்கில் எடுத்த காடுகளில், புதரின் அடியில் சுற்றிப் படர்ந்திருக்கும் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள். நெரிசல் குறைந்தால் மூங்கில் நன்றாக வளரும் என்பது எண்ணம். புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது. அங்கே பிறகு ஆய்வு செய்த மாதவ் காட்கிலும் அவர் குழுவினரும் கண்டது வேறு: அந்த முள்தான் இளங்குருத்தை மாடும் மற்ற விலங்குகளும் தின்றுவிடாமல் காத்துக்கொண்டிருந்தது. முள்ளை எடுத்ததும் குருத்து வாய்க்குப் போயிற்று. காட்டை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு அந்த முள் எதற்கு என்று தெரிந்திருந்தது. திட்டம் போட்டவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் கருங்குங்கிலியத்தைப் பாருங்கள். பூஜைக்குப் புகை போடும் அதே குங்கிலியம்தான். மரத்தில் வெட்டுப் போட்டு அடியில் தீ மூட்டினால் பிசின் அதிகம் வடியும், ஆனால் மரம் சீக்கிரம் ஓய்ந்துபோகும். தானாக வடிந்து உறைந்ததை மட்டும் எடுத்தால் கொஞ்சம்தான் கிடைக்கும், மரம் நிற்கும். நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் ஒவ்வொரு சமூகமும் எடுக்கும் விதம் வேறு வேறு என்றும், அதற்கேற்ப மரத்துக்கு வரும் பாதிப்பும் வேறு என்றும் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே 'காட்டு மக்கள் காட்டைக் காப்பார்கள்' என்று பொதுவாகச் சொல்வதும் பயன்படாது, 'அவர்கள்தான் கெடுக்கிறார்கள்' என்பதும் பயன்படாது. இந்த மரத்தில், இந்த ஊர்க்காரர்கள், இப்படி எடுக்கிறார்கள், அடியில் கன்று இருக்கிறதா என்றுதான் பேச வேண்டும். என் அனுபவத்தில், அடுத்த வருடமும் இதே மரத்துக்கு நாம்தான் வருவோம் என்ற உறுதி இருப்பவர்கள் மரம் ஓய்ந்துபோகும்படி எடுப்பதில்லை. நாளைக்கு வேறு யாரோ வந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் யாராக இருந்தாலும் அடிவரை சுரண்டுவார்கள்.

அந்த உறுதியைத் தருவதுதான் 2006இன் வன உரிமைச் சட்டம். தனி நிலத்துக்குப் பட்டா என்பது அதில் ஒரு பாதி. ஊர் சேர்ந்து தன் காட்டைப் பேணி நிர்வகிக்கும் உரிமை அடுத்த பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பரம்பிக்குளத்துக்குத் தெற்கே வாழச்சால் காட்டில் 9 காடர் ஊர்களுக்கு 2014இல் அந்த உரிமை கிடைத்தது. அதே காட்டில் காடர்கள் பல வருடமாக இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்து வருகிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சு எடுத்தவர்களுக்குத்தானே எந்த மரத்தில் பொந்து இருக்கும் என்று தெரியும்? பெரிய இருவாச்சி கூடு வைக்கப் பழைய பெரிய மரத்தின் பொந்து வேண்டும். தடிக்கு உதவாது என்று பழைய கணக்கில் ஒதுக்கிய மரங்கள்தான் அவை.

குமுளிப் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். பெரியாறு காப்பகத்தில் காட்டு இலவங்க வகையான வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை, 1990களின் கடைசியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி ஒரு குழுவாக்கியது. எந்த வழியில் போனார்கள், எங்கே தங்கினார்கள் என்று தெரிந்த அதே ஆட்கள் காவலுக்கும் சுற்றுலா வழிகாட்டவும் மாறினார்கள். பிறகு 2002 வாக்கில் வசந்த சேனை என்று பெண்கள் கூலி வாங்காமல் முறைபோட்டு ரோந்து போக ஆரம்பித்தார்கள். வனத்துறையில் நல்ல மனதோடு இறங்கி வேலை செய்தவர்கள் இருந்ததால் நடந்தது அது.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. நீதிமன்றத்தில் இன்றுவரை பேசப்படும் கோதவர்மன் வழக்கு நம் எல்லைக்காட்டில் பிறந்ததுதான். கூடலூர்க் காடு அழிவதைப் பார்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, மத்திய அரசு ஒப்புதல் தந்த வொர்க்கிங் பிளான், அதாவது எங்கே எவ்வளவு வெட்டலாம் என்ற திட்டம், இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. யாருடைய நிலமானாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் காடுதான் என்றும் சொன்னது. அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் கூடலூரில் இன்று என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி, நிற்கிற தேக்கை என்ன செய்வது? கேரளத்தில் தேக்குக்கு 50, 60 வருடம் சுற்று. முடிந்ததும் மொத்தமாக வெட்டி மறுபடி நடுவார்கள். 2021இல் கேரள அரசு கொண்டுவந்த கொள்கை, பழைய ஒற்றை மரத் தோட்டங்களைப் படிப்படியாக இயற்கைக் காடாக மாற்றச் சொல்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் மொத்தமாக ஒரே நாளில் தேக்கை எடுத்தால் வெயில் விழுந்து உண்ணிச்செடி ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு எடுத்து, அந்த வெளிச்சத்தில் வேங்கையும் மருதும் மேலே வர வழிவிட வேண்டும். தீயை மட்டும் ஏழெட்டு வருடம் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலையை மண்ணுக்குள் இருக்கும் வேரே செய்துவிடும். நான் சொன்ன அந்த வேங்கைக் கன்று மாதிரி எத்தனையோ கன்றுகள் தலை தூக்கக் காத்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் மரம் எங்கிருந்து வரும்? இதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நம் வீட்டுக் கதவும் நிலையும் தேக்காக இருக்க வேண்டும் என்கிறோம். காட்டில் வெட்டாதே என்று நிறுத்தினால் அந்தத் தடி ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அங்கே எந்தக் காட்டைக் காலி செய்து நட்டது என்று நாம் பார்ப்பதில்லை. கேரளத்தில் மரத் தேவையில் பெரும்பகுதியைத் தருவது வீட்டுத் தோட்டங்கள்தான். பலா, மா, ஆஞ்சிலி, தேக்கு, மகாகனி என்று வேலியோரத்தில் நிற்கும் மரங்கள். ஆனைமலை, கோட்டூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வரப்பிலும் அப்படி நிற்க இடம் இருக்கிறது. விவசாயி தன் மரத்தைத் தானே வெட்டி விற்க அனுமதிக்காக அலையாமல் இருந்தால் நடுவதற்கு ஆள் வருவார்கள். தேக்கைத் தோட்டத்தில் வளருங்கள். காடு காடாக இருக்கட்டும்.

கடைசியாக, தம்பி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். காப்பகத்துக்குள் சாலையை விட்டு இறங்காதீர்கள். அனுமதி இல்லாமல் போவது குற்றம், யானையும் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே ஒரு கோயில் காடோ, கரட்டு மேடோ, பொறம்போக்குத் தோப்போ இருக்கும். உரியவர்களிடம் கேட்டுவிட்டு, நான்கு குச்சியும் நாற்பது மீட்டர் கயிறும் எடுத்துப் போய்ப் பத்துக்குப் பத்து கட்டுங்கள். பெரிய மரங்களின் பெயரை ஒரு பக்கம் எழுதுங்கள். கன்றுகளின் பெயரை எதிர்ப் பக்கம், முளை, முழங்கால், இடுப்பு, ஆள் உயரம் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். பெயர் தெரியாததற்கு ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை எண்ணுங்கள். எந்தப் பத்தியில் காலி விழுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அங்கே தடுப்பது ஆடா, தீயா, களையா, விதை வராததா என்று சேர்ந்து யோசிப்போம்.